மூலத்தில் இல்லாத எழுத்து

ஜீன்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கையாளும் சொற்களில் பாதி நம்மிடமிருந்து போனவை. எழுத்து, பிரதி, படியெடுத்தல், மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்த்தல், கடைசியாகத் திருத்தம். டி.என்.ஏ. என்ற நீண்ட மூலம் நான்கு எழுத்துக்களில் எழுதப்பட்டிருக்கிறது. வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படுகிறது, அந்தப் படி மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்பட்டுப் புரோட்டீனாக மொழிபெயர்க்கப்படுகிறது. பாடப் புத்தகம் இப்படிச் சொல்கிறது. வசதிக்காக வாங்கிய சொற்கள்தானே என்று நகர்ந்துவிடலாம். ஆனால் சொல் போகும்போது அதன் மதிப்பீடுகளும் கூடவே போகின்றன. மூலம் என்று ஒன்றைச் சொன்ன உடனேயே, அது தூய்மையானது, படி அதைவிடத் தாழ்ந்தது, படியெடுப்பவன் பிழை செய்யக்கூடியவன், திருத்துகிறவன் மூலத்துக்கு விசுவாசமானவன் என்று ஒரு வரிசை நமக்குள் அமைந்துவிடுகிறது. ஸெல்லுக்குள் ஆர்.என்.ஏ. திருத்தப்படுகிறது என்று தெரியவந்த வரலாறு, இந்த வரிசை கலைந்த வரலாறு. பிரதிகளோடும் பாடபேதங்களோடும் பழகியவர்கள் அதை விஞ்ஞானிகளுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

முதலில் வரிசை எப்படி அமைந்தது என்பது. 1957-ல் லண்டனில் ஃபிரான்ஸிஸ் கிரிக் ஓர் உரை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டு அது அச்சாயிற்று. நியூக்ளிக் அமிலத்திலிருந்து புரோட்டீனுக்குச் சென்ற செய்தி திரும்பி வராது என்று அதில் சொன்னார். இதற்கு அவர் வைத்த பெயர் 'மையக் கோட்பாடு' என்று தமிழில் வழங்குகிறது. அவர் உண்மையில் சொன்னது 'டாக்மா'. மதபீடத்திலிருந்து வந்த இந்தச் சொல்லின் பொருளைச் சரியாக உணராமல் பயன்படுத்தியதாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். சொன்னவர் ஜாக்கிரதையாகத்தான் சொன்னார். கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது வேறு: டி.என்.ஏ.யில் எழுத்து எப்படி வரிசைப்பட்டிருக்கிறதோ அப்படியே ஆர்.என்.ஏ.யில் இருக்கும், அதன்படியே புரோட்டீனில் இருக்கும். 1977-ல் இதில் ஒரு விரிசல் விழுந்தது. ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவருடைய குழுக்களும், ஆர்.என்.ஏ.யின் நடுவிலிருந்து நீண்ட பகுதிகள் வெட்டி எறியப்படுவதைக் கண்டன. இந்தப் பகுதிகளுக்கு இன்ட்ரான் என்று பெயர் வந்தது. அப்போதும் ஒரு சமாதானம் இருந்தது. வெட்டியபின் மிஞ்சும் எழுத்து ஒவ்வொன்றும் மூலத்தில் உள்ளதுதானே! சுருக்கப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மூலத்தில் இல்லாத ஓர் எழுத்து படியில் இருக்க முடியும் என்று யாரும் எண்ணவில்லை.

1986-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ராப் பென்னெயும் அவருடைய கூட்டாளிகளும் 'ஸெல்' இதழில் வெளியிட்ட கட்டுரை அதைத்தான் சொன்னது. அவர்கள் ஆராய்ந்தது ட்ரிபனோஸோம் என்ற ஒற்றைச் ஸெல் ஒட்டுண்ணி. ஆப்பிரிக்காவில் ட்ஸெட்ஸி ஈயின் கடியால் மனிதனுக்குத் தூக்க நோயைக் கொண்டுவரும் இனம் இந்த வகையைச் சேர்ந்தது. இதன் மைட்டோகாண்ட்ரியாவில், சுவாசத்துக்கு வேண்டிய ஒரு புரோட்டீனின் ஜீன் படிக்க முடியாத நிலையில் இருந்தது. நடுவில் எழுத்துக் கணக்கு பிசகி, அதற்குப் பின்னால் வரும் மூன்றெழுத்துச் சொற்கள் எல்லாம் குலைந்திருந்தன. ஓர் இனத்தில் மட்டும் என்றால் செத்த ஜீன் என்று ஒதுக்கிவிடலாம். உறவினமான கிரித்திடியாவிலும் அதே பிசகு அதே இடத்தில் இருந்தது. பயனற்றுப்போன ஜீன் இரண்டு வம்சங்களில் ஒரே மாதிரி காப்பாற்றப்படாது. அவர்கள் டி.என்.ஏ.யை விட்டு ஆர்.என்.ஏ.யைப் படித்தார்கள். அதில் நான்கு யூரிடின்கள் கூடுதலாக இருந்தன. மூலத்தில் எங்கும் இல்லாத நான்கு எழுத்துக்கள். அவை சேர்ந்ததும் வாக்கியம் சரியாகிவிட்டது. இந்தச் செயலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஆர்.என்.ஏ. எடிட்டிங்'.

நான்கு எழுத்து சிறிய விஷயம் என்று நினைத்தவர்களுக்கு 1988-ல் பதில் கிடைத்தது. ஸியாட்டிலில் ஜீன் ஃபேகின், கென்னத் ஸ்டூவர்ட் முதலியோர் அதே ஒட்டுண்ணியின் இன்னொரு ஜீனைப் பார்த்தார்கள். அதன் ஆர்.என்.ஏ.யில் 547 யூரிடின்கள் புகுத்தப்பட்டிருந்தன, 41 நீக்கப்பட்டிருந்தன. முடிந்த பிரதியில் பாதிக்கு மேல் மூலத்தில் இல்லாதது. இதை இனியும் திருத்தம் என்று சொல்லலாமா? மூலம் என்று நாம் கைகாட்டுவது ஒரு குறிப்பேடாகச் சுருங்கிவிடுகிறது. எழுத்து வேறெங்கோ நடக்கிறது.

எங்கே என்ற கேள்விக்கு லாஸ் ஏஞ்செலஸில் லாரி ஸிம்ப்ஸனின் ஆய்வுக்கூடம் 1990-ல் விடை கண்டது. இந்த ஒட்டுண்ணிகளின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. விசித்திரமானது. சில டஜன் பெரிய வளையங்களும் ஆயிரக்கணக்கான சின்ன வளையங்களும் ஒன்றில் ஒன்று கோத்து, சங்கிலிக் கவசம் போலக் கிடக்கும். ஜீன்கள் பெரிய வளையங்களில் இருந்தன. சின்ன வளையங்கள் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அவற்றிலிருந்து சிறு சிறு ஆர்.என்.ஏ.க்கள் உருவாகின்றன, அவைதாம் எங்கே எத்தனை யூரிடின் என்று சொல்கின்றன என்று இப்போது தெரிந்தது. வழிகாட்டி ஆர்.என்.ஏ. என்று அவற்றுக்குப் பெயர். வழிகாட்டி, பிரதியின் ஓரிடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் பொருந்தாத இடத்தில் ஒரு என்ஸைம் பிரதியை வெட்டுகிறது. இன்னொன்று யூரிடினைச் சேர்க்கிறது அல்லது எடுக்கிறது. மூன்றாவது ஒன்று வெட்டை ஒட்டுகிறது. ஒரு வழிகாட்டியின் வேலை முடிந்த இடத்தில்தான் அடுத்த வழிகாட்டி ஒட்டிக்கொள்வதற்கான வாசகம் உருவாகிறது. ஆகையால் திருத்தம் பிரதியின் கடைசியில் தொடங்கி முன்னோக்கிப் போகிறது. குப்பை என்று ஒதுக்கப்பட்ட கட்டில் பதிப்பாசிரியரின் திருத்தத் தாள்கள் இருந்திருக்கின்றன.

*

இதற்கிடையில் மனிதனிடமே வேறுவகைத் திருத்தம் ஒன்று அகப்பட்டது. 1987. கொழுப்பை ரத்தத்தில் சுமந்து செல்லும் அப்போலிப்போபுரோட்டீன் பி இரண்டு உருவங்களில் கிடைக்கிறது. ஈரலில் தயாராவது 4,536 அமினோ அமிலங்கள் கொண்டது. சிறுகுடலில் தயாராவது 2,152 கொண்டது. இரண்டுக்கும் ஜீன் ஒன்றே. குடலில், ஆர்.என்.ஏ.யின் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒரு ஸைட்டிடின் யூரிடினாக மாற்றப்படுகிறது. ஸி.ஏ.ஏ. என்ற சொல் யு.ஏ.ஏ. ஆகிறது. முன்னதற்கு ஓர் அமினோ அமிலம். பின்னதற்கு 'நிறுத்து' என்று பொருள். வாசகம் அங்கே முடிந்துவிடுகிறது. குட்டைப் புரோட்டீன், உண்ட கொழுப்பைக் குடலிலிருந்து எடுத்துச் செல்லும்; நெட்டைப் புரோட்டீன் ஈரலின் கொழுப்பைச் சுமக்கும்.

இங்கே எழுத்து சேர்க்கப்படவுமில்லை, நீக்கப்படவுமில்லை. ஸைட்டிடினிலிருந்து ஓர் அமினோ தொகுதி கழற்றப்படுகிறது, அவ்வளவுதான். ஒற்றைக் கொம்பை அழித்துவிட்டால் 'கெ' 'க' ஆகிவிடுவதைப் போல. இதைச் செய்யும் என்ஸைம் 1993-ல் அடையாளம் காணப்பட்டது, பெயர் அபோபெக்-1.

முக்கியமானது வேறொன்று. ட்ரிபனோஸோம் விஷயத்தில், திருத்தாத பிரதி பிழை, திருத்திய பிரதி சரி என்று சொல்ல இடமிருந்தது. இங்கே எது பிழை? இரண்டு பாடங்களும் தத்தம் இடத்தில் சரி. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் அந்நியமானதில்லை. 'கிங் லியர்' 1608-ன் க்வார்ட்டோவிலும் 1623-ன் ஃபோலியோவிலும் வேறு வேறாக இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்காகப் பதிப்பாசிரியர்கள் இரண்டையும் கலந்து ஒரே 'லிய'ரைத் தயாரித்துக் கொடுத்தார்கள். ஷேக்ஸ்பியரின் கையிலிருந்து வந்த உண்மையான ஒன்று இருந்தே தீரவேண்டும் என்ற நம்பிக்கையில். ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு முதன்முறையாக இரண்டையும் இரண்டு நாடகங்களாகவே தன் தொகுதியில் அச்சிட்டது. அது வெளிவந்த ஆண்டும் 1986. இது தற்செயல், இதிலிருந்து காலத்தின் ஆவி என்று எதையும் நான் வடித்தெடுக்கப் போவதில்லை. ஒரே மூலம், ஒரே சரியான பாடம் என்ற நம்பிக்கை இரண்டு இடங்களில் வெவ்வேறு காரணங்களுக்காகக் கைவிடப்பட்டது என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

திருத்துகிறவரின் உற்சாகத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதும் இந்த என்ஸைம் மூலமாகவே தெரிந்தது. 1995-ல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில், எலிகளின், முயல்களின் ஈரலில் அபோபெக்-1 அளவுக்கு மீறி உண்டாகும்படி செய்து பார்த்தார்கள். அது தனக்குச் சம்பந்தமில்லாத வேறு ஆர்.என்.ஏ.க்களிலும் கைவைத்தது, விலங்குகளுக்கு ஈரல் நோய் கண்டது, புற்று வளர்ந்தது.

மூன்றாவது வகை கண்டுபிடிக்கப்பட்டபோது அது திருத்தம் என்றே தெரியவில்லை. தவளைக் கருவில் ஒரு ஜீனை வாயடைக்க, அதன் ஆர்.என்.ஏ.க்கு எதிரிணையான ஆர்.என்.ஏ.யை ஊசியால் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் பின்னி இரட்டை இழையாகி, செய்தி அடைபட்டுப்போக வேண்டும். தவளைக் கருவில் இந்தப் பின்னல் நிலைக்கவில்லை. பிரெண்டா பாஸ், ஹரோல்ட் வெய்ன்ட்ராப் இருவரும், தனியே ரெபாக்லியாட்டி, மெல்ட்டன் இருவரும் 1987-ல் இதை வெளியிட்டார்கள். இரட்டை இழையைப் பிரித்துவிடும் ஏதோ ஒன்று ஸெல்லில் இருக்கிறது என்பது அவர்களுடைய முடிவு. அவிழ்ப்பது என்று பெயரும் வைத்தாயிற்று. மறு வருஷமே பாஸும் வெய்ன்ட்ராபும் உண்மையை எட்டினார்கள்: அவிழ்ப்பது அதன் நோக்கமில்லை. அது அடினோஸின்களிலிருந்து அமினோ தொகுதியைக் கழற்றி இனோஸின்களாக மாற்றுகிறது. இனோஸின் எதிர் எழுத்தோடு சரியாகப் பொருந்தாததால் இழை தானே தளர்கிறது. ரைபோஸோம் இனோஸினைக் குவானோஸின் என்றே படிக்கும். ஆக, ஏ என்று எழுதியது ஜி என்று வாசிக்கப்படுகிறது. இந்த என்ஸைம்களுக்குப் பின்னர் அடார் என்று பெயர் வந்தது. 2016-ல் வெளியான படிக அமைப்பு, அடார்-2 வேலை செய்யும் விதத்தைக் காட்டியது: இழையின் உள்ளே திரும்பியிருக்கும் அடினோஸினை வெளியே புரட்டித் தன் குழிக்குள் வாங்கி மாற்றுகிறது.

இந்த வகையின் தலைசிறந்த உதாரணம் மூளையிலிருந்து வந்தது. 1991-ல் ஹைடல்பர்க்கில் பீட்டர் ஸீபர்க்கின் குழு, குளுட்டமேட் என்ற நரம்புச் செய்தியை வாங்கும் ஒரு புரோட்டீனை ஆராய்ந்தது. ஜீன் ஓரிடத்தில் குளுட்டமின் என்று சொல்கிறது. மூளையில் கிடைக்கும் புரோட்டீனில் அங்கே ஆர்ஜினின் இருக்கிறது; அநேகமாக நூற்றுக்கு நூறு. அந்த ஓர் அமினோ அமிலம் மாறியதால் அந்த வாய்க்கால் கால்ஷியத்தை உள்ளே விடுவதில்லை. திருத்தம் நடக்க இரட்டை இழை வேண்டுமே, அது எப்படி உருவாகிறது என்று தேடியபோது, 1993-ல், இணை வாசகம் பக்கத்து இன்ட்ரானில் இருப்பது தெரிந்தது. வெட்டி எறியப்படப் போகும் பகுதி! எறிவதற்கு முன்னால், அதில் உள்ள குறிப்பைப் பார்த்துத் திருத்தம் முடிந்துவிட வேண்டும்.

2000-ல் இதே வட்டாரத்தில் நடந்த சோதனைதான் எனக்கு இந்த வரலாற்றின் மையம். அடார்-2 இல்லாத எலிகளை உண்டாக்கினார்கள். அவை வலிப்பு கண்டு மூன்று வாரத்துக்குள் செத்தன. இத்தனை முக்கியமான என்ஸைமா என்று வியந்து முடித்திருக்கலாம். அவர்கள் மேலும் ஓர் அடி போனார்கள். அந்த ஒரு ஜீனில் மட்டும், திருத்தப்பட்ட சொல்லை டி.என்.ஏ.யிலேயே எழுதிவிட்டார்கள். என்ஸைம் இல்லாத அந்த எலிகள் செத்துப்போகாமல் வளர்ந்தன. அதாவது, மூலத்திலேயே சரியாக எழுதியிருந்தால் திருத்துகிறவர் பெருமளவுக்குத் தேவைப்பட்டிருக்கவே மாட்டார்.

அப்படியானால் பல கோடி ஆண்டுகளாக மூலம் ஏன் திருந்தவில்லை? ஒவ்வொரு எலியும் ஒவ்வொரு மனிதனும், வாழ்நாள் முழுக்க, ஒவ்வொரு நரம்பணுவிலும், ஒவ்வொரு பிரதியிலும் அதே பிழையைப் புதிதாகத் திருத்திக்கொண்டிருப்பானேன்? நான் வேலை பார்க்கும் வங்கியில் பேரேட்டில் விழுந்த தவறை அழிக்கக் கூடாது; எதிர்ப்பதிவு போட்டுக் கையொப்பமிட வேண்டும். ஆனாலும் ஒரு தவறுக்கு ஒரு முறை எதிர்ப்பதிவு போட்டால் போதும். அடுத்த நாள் இருப்பு சரியாகத் தொடங்கும். ஸெல்லின் பேரேட்டில் தவறு அப்படியே நிற்கிறது. எதிர்ப்பதிவுதான் தினமும் போடப்படுகிறது. அது ஒரு நாள் தப்பினாலும் ஆபத்து. 2004-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோயில் இறந்தவர்களின் இயக்க நரம்பணுக்களில் இந்தத் திருத்தம் அரைகுறையாக நின்றிருந்ததைக் கண்டார்கள்.

*

இதற்கு விடை தாவரங்களின் பக்கத்திலிருந்து வந்தது என்பது என் கருத்து. 1981-ல் சோளத்தின் மைட்டோகாண்ட்ரிய ஜீன் ஒன்று படிக்கப்பட்டபோது, டிரிப்டோஃபேன் இருக்கவேண்டிய இடங்களில் ஸி.ஜி.ஜி. என்ற சொல் இருந்தது. வழக்கமான அகராதியில் அதற்குப் பொருள் ஆர்ஜினின். சரி, தாவர மைட்டோகாண்ட்ரியாவின் அகராதியே வேறு என்று முடிவு செய்தார்கள். எட்டு ஆண்டுகள் அப்படியே நம்பப்பட்டது. 1989-ல் மூன்று குழுக்கள் தனித்தனியே ஆர்.என்.ஏ.யைப் படித்தன. அங்கே ஸி.ஜி.ஜி. யு.ஜி.ஜி.யாகத் திருத்தப்பட்டிருந்தது, டிரிப்டோஃபேனுக்கு உரிய வழக்கமான சொல். அகராதி ஒன்றுதான். பிரதியைப் பார்க்காமல் மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு அகராதி எழுதியதால் வந்த குழப்பம்.

அந்த மூன்று குழுக்களில் ஒன்றைச் சேர்ந்த பாட்ரிக் கோவெல்லோவும் மைக்கேல் கிரேயும் 1993-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். அதுவரை எல்லோரும் கேட்டது, திருத்தத்தால் என்ன பயன் என்று. பிழைகளைச் சரிசெய்ய அது தோன்றியது என்பது எல்லோரும் எதிர்பார்த்த பதில். அவர்கள் வரிசையை மாற்றிப் போட்டார்கள். முதலில் திருத்தும் ஆற்றலுள்ள ஒரு என்ஸைம், வேறு ஏதோ வேலைக்காக, தற்செயலாக அங்கே இருக்கிறது. அது இருப்பதால், மூலத்தில் விழும் சில பிழைகள் யாரையும் பாதிப்பதில்லை. தண்டிக்கப்படாத பிழைகள் தங்கிவிடுகின்றன. ஒன்று, பத்து, நூறு என்று சேர்கின்றன. இப்போது என்ஸைமை எடுத்துவிட முடியாது. எடுத்தால் அத்தனை பிழையும் ஒரே நாளில் வெளியே வரும். இன்றியமையாமை வந்துவிட்டது, ஆனால் எந்தக் கட்டத்திலும் பிரதி முன்னைவிடச் சிறப்பாகவில்லை.

இது நமக்குப் பிடிக்காத விளக்கம். சிக்கலாக இருப்பது ஏதாவது ஒரு மேன்மைக்காகத்தான் இருக்கவேண்டும் என்று நம்புகிறோம். 547 எழுத்தைப் புகுத்தும் ஒரு பிரம்மாண்டமான ஏற்பாட்டைப் பார்த்தால், அதற்கேற்ற ஒரு பெரிய நோக்கத்தைத் தேடத் தோன்றுகிறது. அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சபலம் குறைவாக இருக்கும். சரிபார்க்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும் எழுதுகிறவனின் கை தளர்கிறது. சில காலத்துக்குப் பின் அவர் இல்லாமல் எதுவும் நடக்காது. அவர் உயர்ந்தவர் என்பதற்கு இது சாட்சியாகாது. எல்லாத் திருத்தத்துக்கும் இந்த ஒரே விளக்கம் போதும் என்று நான் சொல்லவில்லை. குடலும் ஈரலும் ஒரே ஜீனிலிருந்து இரண்டு பயனைப் பெறுவதை இது விளக்காது. ஆனால் பயனைச் சொல்கிறவர் அதைக் காட்ட வேண்டும். இன்றியமையாமையைக் காட்டிவிட்டுப் பயனைக் காட்டியதாகச் சொல்லக் கூடாது.

அண்மைக் காலத்து விவாதங்கள் இந்த இடத்திலேயே சுற்றுகின்றன. கணவாய், ஆக்டோபஸ் இவற்றின் நரம்பு மண்டலத்தில் அடார் செய்யும் திருத்தம் கணக்கில்லாதது. ஒரு கணவாய் இனத்தில் புரோட்டீனை மாற்றக்கூடிய இடங்கள் 57,000-க்கும் மேல் என்று 2015-ல் எண்ணினார்கள். பாலூட்டிகளுக்கெல்லாம் பொதுவாகக் காப்பாற்றப்பட்டுவரும் இத்தகைய இடங்கள் சில பத்துகளே. ஆக்டோபஸின் புத்திக்கூர்மையை இதோடு முடிச்சுப் போடப் பலருக்கும் ஆசை வந்தது. ஆதாரம் அறவே இல்லாத ஆசையும் அல்ல. நீர் குளிர்ந்தால் ஆக்டோபஸின் ஆர்.என்.ஏ.யில் ஆயிரக்கணக்கான இடங்களில் திருத்தம் மாறுகிறது, சில நாட்களுக்குள், என்று 2023-ல் காட்டியிருக்கிறார்கள். மூலத்தைத் தொடாமலே பருவத்துக்கேற்ப வாசகத்தை மாற்றிக்கொள்வது லேசான காரியமல்ல. ஆனால் 2017-ல் இதே குழுவினர் அதற்குள்ள விலையையும் காட்டியிருந்தார்கள். திருத்தம் நடக்கவேண்டுமானால் ஆர்.என்.ஏ. குறிப்பிட்ட விதமாக மடிந்து இரட்டை இழையாக வேண்டும். அந்த மடிப்பைக் காப்பாற்ற, சுற்றியுள்ள எழுத்துக்கள் மாறாமல் இருந்தாக வேண்டும். ஆகவே இந்த விலங்குகளின் மூலம் அந்த இடங்களில் மெதுவாகவே பரிணமிக்கிறது. படியில் கிடைக்கும் சுதந்திரத்துக்கு மூலம் உறைந்துபோகிறது. 2019-ல் மிச்சிகனிலிருந்து வந்த கட்டுரை இன்னும் கறாரானது. இந்தத் திருத்தங்களில் பெரும்பாலானவை தகவமைப்பே இல்லை, திருத்துகிறவர் இருக்கும் தைரியத்தில் தங்கிப்போன பிழைகளே என்று அது வாதிட்டது. 1993-ன் குரல்தான்.

மனிதனிடமோ, அடார் செய்யும் வேலையில் மிகப் பெரும்பகுதி எந்தப் புரோட்டீனையும் மாற்றுவதில்லை. நம்முடைய மூலத்தில் அலு என்ற ஒரு சிறு வாசகம் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை திரும்பத் திரும்ப வருகிறது. எதிரெதிர்த் திசையில் உள்ள இரண்டு அலுக்கள் ஒரே ஆர்.என்.ஏ.யில் வந்தால் மடிந்து பின்னிக்கொள்ளும். அங்கேதான் அடார் மொய்க்கிறது. 2004-ல் ஒரு குழு மட்டும் இப்படி 12,000-க்கும் மேற்பட்ட இடங்களைப் பட்டியலிட்டது; பின்னர் எண்ணிக்கை லட்சங்களைத் தாண்டிப் போயிற்று. யாரும் மொழிபெயர்க்காத பகுதிகளில் இவ்வளவு திருத்தம் எதற்கு? விடை 2014-லிலும் 2015-லிலும் எலிகளிடமிருந்து கிடைத்தது. அடார்-1 இல்லாத எலி, கருவிலேயே 12-ஆம் நாளையொட்டி இறந்துவிடும். வைரஸ்கள் பலவற்றின் ஆர்.என்.ஏ. இரட்டை இழையாகும். அதை இனம் காண ஸெல்லில் எம்.டி.ஏ.-5 என்று ஒரு காவல் புரோட்டீன் உண்டு. அந்தக் காவலையும் சேர்த்து நீக்கிவிட்டால், அடார்-1 திருத்தும் திறனை இழந்த எலியும் பிழைத்து வளர்கிறது. அதாவது, திருத்தம் இல்லாவிட்டால் ஸெல் தன் சொந்த ஆர்.என்.ஏ.யையே வைரஸ் என்று எண்ணித் தன்னைத் தாக்கிக்கொள்கிறது. அடார்-1 பழுதானால் குழந்தைகளுக்கு ஐகார்டி-கூட்டியேர் என்ற கொடிய மூளை நோய் வருகிறது என்று 2012-லேயே தெரிந்திருந்தது; காரணம் இப்போது விளங்கிற்று. அடார்-1-ன் தலையாய வேலை வாசகத்தை மேம்படுத்துவது இல்லை. 'இது நம்முடையது' என்று முத்திரை குத்துவது. இதற்குத் திருத்தம் என்ற பெயர் பொருந்தவே பொருந்தாது. தபால் முத்திரையைக் கவிதையின் கடைசி வரி என்று படிப்பது மாதிரி.

பாடபேதம் தேடுகிறவர்களுக்கு நேரக்கூடிய விபத்தும் இந்தத் துறையில் நேர்ந்தது. 2011-ல் 'ஸயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 27 மனிதர்களின் ஸெல்களில் டி.என்.ஏ.யும் ஆர்.என்.ஏ.யும் வேறுபடும் இடங்கள் 10,000-க்கும் மேல் என்றது; அதுவரை அறிந்த எந்த என்ஸைமாலும் விளக்க முடியாத மாற்றங்கள் பல அதில் இருந்தன. மறு ஆண்டே மூன்று குழுக்கள் அதே இதழில் மறுப்பு எழுதின. பெரும்பான்மையான வேறுபாடுகள், எழுத்துக்களைப் படிக்கும் கருவியின் பிழைகளும், துண்டுகளைத் தவறான ஜீனோடு பொருத்தியதால் வந்த பிழைகளும்தான். ஏட்டில் இருந்ததாகச் சொன்ன பாடபேதம் வாசித்தவரின் கண்ணில் இருந்திருக்கிறது.

இனி இந்தத் திருத்தம் மருந்தாகிறது. ஆல்ஃபா-1 ஆன்ட்டிடிரிப்ஸின் என்ற புரோட்டீனின் ஜீனில் ஒரே ஒரு ஜி ஏ-யாக மாறிப்போனவர்களுக்கு நுரையீரலும் ஈரலும் கெடுகின்றன. 2024 அக்டோபரில் வேவ் லைஃப் ஸயன்ஸஸ் என்ற நிறுவனம், இரண்டு நோயாளிகளுக்கு, இந்த ஆர்.என்.ஏ.யோடு இணையும் ஒரு சிறு துணுக்கைச் செலுத்தி, அவர்களுடைய சொந்த அடாரைக் கொண்டே அந்த எழுத்தை மாற்ற வைத்ததாக அறிவித்தது. சரியான புரோட்டீன் அவர்கள் ரத்தத்தில் தென்பட்டது. மனிதனில் இது முதல் முறை. ட்ரிபனோஸோமின் வழிகாட்டி ஆர்.என்.ஏ. செய்யும் உத்தியின் தூரத்து உறவு இது. இதன் ஆதரவாளர்கள் முன்வைக்கும் நியாயம்: டி.என்.ஏ.யைத் திருத்தினால் திரும்ப வழியில்லை, ஆர்.என்.ஏ.யைத் திருத்தினால், தவறாகப் போனாலும் அந்தப் பிரதி சிதைந்து மறையும். உண்மை. ஆனால் சரியாகத் திருத்தியதும் அதேபோல மறையும். மருந்து மீண்டும் மீண்டும் வேண்டும். என்ஸைமின் மேல் இருந்த சார்பு இப்போது ஒரு நிறுவனத்தின் மேல் உள்ள சார்பாகிறது. மூச்சு விட முடியாத ஒருவருக்கு இது பெரிய விஷயமில்லை. அவருக்கு மருந்து கிடைக்கட்டும். யார் திருத்துகிறார்கள், எவ்வளவு காலத்துக்கு, என்ன விலைக்கு என்ற கேள்விகள் அதனால் இல்லாமல் போய்விடா.

மூலத்தைத் தெய்வமாக்கியவர்களை 1986 கலங்கடித்தது, அது நல்லதே. ஆனால் அதற்குப் பின் படியையும் திருத்தத்தையும் தெய்வமாக்குகிறவர்கள் வந்திருக்கிறார்கள். மூலம் ஒன்றுமில்லை, வாசிப்பே எல்லாம் என்று இலக்கியத்தில் கேட்கும் குரலுக்கு ஸெல்லிலிருந்து சாட்சி கிடைத்துவிட்டதாக அவர்கள் மகிழ்கிறார்கள். ஹைடல்பர்க் எலிகள் அந்தச் சாட்சியைத் தரவில்லை. மூலத்தில் ஓர் எழுத்தைச் சரியாக எழுதியபோது அவை பிழைத்தன. கருவில் செத்த எலிகள் மற்ற தரப்புக்கும் சாட்சி சொல்லவில்லை. அவற்றின் மூலத்தில் புரோட்டீனுக்கான சொற்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. முத்திரை விழாத காரணத்தால் அவை இறந்தன. மூலமும் திருத்தமும் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து, ஒன்றின் பலவீனத்துக்கு ஏற்ப மற்றது வளைந்து, இப்போது பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. இதில் எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, ஒவ்வோர் இடத்திலும் இந்தத் திருத்தம் எந்தப் பிழையைத் தங்கவிட்டது, எதை மாறவிடாமல் தடுத்தது என்று விசாரிப்பது பயனுள்ளது. ஆர்.என்.ஏ. ஆராய்ச்சியாளர்கள் இப்போது அதைத்தான் செய்துவருகிறார்கள்.